இலை உதிர்ந்த காட்டைப் படமெடுப்பது எப்படி?

காட்டைப் படமெடுக்கப் போகிறேன் என்று சொன்னால் வகுப்பில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?" காடு என்றால் பச்சை, பச்சை இல்லையென்றால் காடே இல்லை என்ற எண்ணம் நமக்குள் அப்படி ஊறிவிட்டது. மாசி, பங்குனியில் ஜவ்வாதுமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாதிக் காடு மொட்டையாக நிற்கும். செத்துப் போய்விடவில்லை. மண்ணில் ஈரம் குறைந்ததும், இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மரமே இலையை உதிர்த்துவிடுகிறது. கோடை மழைக்கு முன்பே பல மரங்கள் துளிர்க்கவும் ஆரம்பித்துவிடும். நம்ம ஊர் இளவேனில் இதுதான். படமெடுக்கக் கஷ்டமான காலமும் இதுதான்.

ஏன் கஷ்டம்? நேரில் பார்க்கும்போது அழகாக இருந்த இடம், போட்டோவில் வெறும் குச்சிக் குவியலாகத் தெரியும். கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். நமக்கு இரண்டு கண். எது கிட்டே, எது தூரம் என்று மூளை பிரித்துக் காட்டிவிடுகிறது. கேமராவுக்கு ஒரே கண். பத்தடியில் இருக்கும் கிளையும் நூறடியில் இருக்கும் கிளையும் ஒரே தாளில் ஒட்டியது போல வந்துவிடும். அதனால் போனை வெளியே எடுக்கும் முன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அப்போதும் இடம் நன்றாக இருந்தால்தான் அங்கே படம் இருக்கிறது என்று அர்த்தம். இல்லையா, நடையைக் கட்டுங்கள்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதை இதற்கு நல்ல இடம். சாலையோரத்தில் நின்றே எடுக்கலாம். வளைவுகளில் நின்று எதிர்ச்சரிவைப் பாருங்கள். மரங்களுக்குப் பின்னால் மலையே திரையாக நிற்கும், வானம் படத்துக்குள் வராது. மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வெள்ளை வானம் வந்தால் பொத்தல் விழுந்த துணி மாதிரி இருக்கும், எந்த எடிட்டிங்கும் அதைத் தைக்காது. காலை வெயில் மரங்களுக்குப் பின்னாலிருந்து வரும்போது எடுங்கள். வெக்காலி மரத்தின் வெளிறிய பட்டை, இருட்டான சரிவின் மேல் கோடு கிழித்த மாதிரி தனியாகத் தெரியும். அந்த ஒரு மரம் போதும். காட்டையே படத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

(காவலூர் வானோக்கு நிலையத்தில் 1986-இல் நிறுவிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் விட்டம். நம் போன் லென்ஸின் வாய் சில மில்லிமீட்டர்தான். குறைந்த வெளிச்சத்தில் போனை ஒரு கல்லின் மேல் சாய்த்து வைத்து எடுக்கச் சொல்வது அதனால்தான்.)

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். இது தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்து போனார்கள். காலடியில் கிடக்கும் சருகு அவ்வளவு சீக்கிரம் பற்றும்.

இனி நிறம். புரசு, இலவம் இரண்டும் இலை இல்லாமலே பூக்கும். பூவத்தி மரத்தின் துளிர் சிவப்பாகவே வரும், பச்சை பின்னால்தான் ஏறும். வேம்புகூட செப்பு நிறத்தில் துளிர்க்கும், ஹாஸ்டல் வாசலிலேயே பார்க்கலாம். இங்கே போன் ஒரு தவறு செய்யும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. புரசம்பூவில் பச்சையும் நீலமும் குறைவு, சிவப்பு மட்டும் 255-ஐத் தொட்டு நின்றுவிடும். மொத்த வெளிச்சம் சரியாகத்தான் தெரியும், ஆனால் பூவில் இதழே இருக்காது, சிவப்பு அப்பிய மாதிரி இருக்கும். பூவின் மேல் விரலை வைத்துத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எடுங்கள். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயிலுக்கு உரிய 5500 கெல்வின் அளவில் வைத்தால், காலை வெயிலின் மஞ்சளைப் போன் துடைத்துவிடாது. காட்சியைப் பார்த்துத் தானே நிறம் கூட்டும் ஏ.ஐ. வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எடிட்டிங்குக்கு ஸ்னாப்சீட் போதும். முதலில் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளைக் கிராப் செய்து வெட்டுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு நிழலைக் கொஞ்சமாக மட்டும் தூக்குங்கள். ரொம்பத் தூக்கினால் பின்னாலிருக்கும் குச்சியெல்லாம் மறுபடி முன்னால் வந்துவிடும். அதே காரணத்துக்காக ஸ்ட்ரக்சர் பக்கமே போகாதீர்கள். செலக்டிவ் எடுத்து, உங்கள் மரத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து வெளிச்சம் கூட்டுங்கள், பின்னணியில் ஒரு புள்ளி வைத்துக் குறையுங்கள். சாச்சுரேஷனைக் கூட்டுவதைவிட ஒரு பாயிண்ட் குறைப்பதே இந்தக் காட்டுக்குப் பொருத்தம்.

பச்சை மட்டும் ஏற்றாதீர்கள். எங்கப்பா ஆடு மேய்ப்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. நண்பன் ஒருவன் பங்குனியில் எடுத்த படத்தை நன்றாகப் பச்சையாக்கி வைத்திருந்தான். அதை அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐப்பசியில எடுத்ததாடா? அப்போ புரசு பூக்காதே" என்றார். அந்தப் படத்தில் இருந்த மாசமே அழிந்துபோயிருந்தது. காய்ந்த காட்டைப் "பொட்டக்காடு, ஒண்ணுக்கும் உதவாது" என்று சொல்கிறவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். நாமும் அதற்குப் பச்சைச் சாயம் பூசினால் அவர்கள் சொல்வதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே எடிட் முடித்ததும் படத்தை முதலில் குரூப்பில் போடாமல், அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிற, புளி பொறுக்குகிற யாரிடமாவது காட்டுங்கள். எந்த மாசம், எந்தப் பக்கத்துச் சரிவு என்று அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டால் உங்கள் எடிட்டிங் சரி.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் இன்னொன்று. போன் திரை தானே ஒளி விடும், தாள் விடாது. திரையில் சரியாக இருப்பது தாளில் இருட்டடிக்கும். கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, முதலில் ஒரே ஒரு பிரதி போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடச் சொல்லுங்கள்.