டன் கணக்கும் தப்புக் கணக்கும்

நெரிசலான நகரங்களில் டெலஸ்கோப்பிக் கிரேன் இல்லாமல் இன்று எதுவும் எழும்புவதில்லை. ஆனால் அதை வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே தவறானது.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் தெருக்களுக்கு எண்தான் முகவரி. எட்டாவது கிராஸ் என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். 1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் உலுக்கிய பிறகு, காற்றோட்டமான இடம் தேடி மக்கள் குடியேறிய திட்டமிட்ட பேட்டை இது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய காலத்துத் தெருக்கள். இன்று அங்கே ஓட்டு வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. ஜெனரேட்டர், லிப்ட் மோட்டார், இரும்பு உத்தரம், ராட்சத ஏ.சி. இயந்திரம் என்று எல்லாமே மேலே போயாக வேண்டும். மரக்கிளைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே அவற்றைத் தூக்கிவிடும் வேலை டெலஸ்கோப்பிக் கிரேனுக்கு.

தூரதர்சினியின் குழாய்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும் எஃகுப் பெட்டிகள்தான் இதன் கை. தொழிலில் இதற்குப் பெயர் பூம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், உள்ளே இருக்கும் பெட்டிகளை வெளியே தள்ள, பூம் நீள்கிறது. பின்னல் சட்டக் கை கொண்ட பழைய வகைப் பெரிய கிரேன் என்றால், அதைத் துண்டு துண்டாக லாரிகளில் கொண்டுவந்து, திறந்த வெளியில் கிடத்திப் பூட்ட வேண்டும். பூட்டுவதற்கே இன்னொரு கிரேன் தேவைப்படும். டெலஸ்கோப்பிக் கிரேனோ தானே ஓட்டிக்கொண்டு வந்து, கால் ஊன்றி, கையை நீட்டி, வேலை முடிந்ததும் சுருக்கிக்கொண்டு போய்விடும். இடமும் நேரமும் இல்லாத ஊர்களில் இது ஒரு வரப்பிரசாதம்.

மல்லேஸ்வரத்தை ஒட்டிச் செல்லும் மெட்ரோ தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பிகே சாலையிலிருந்து பீன்யா இண்டஸ்ட்ரி வரையிலான உயர்மட்டப் பாதை 2014 மார்ச் 1-ல் திறக்கப்பட்டது. அதன் தெற்கே மெஜஸ்டிக் வரை பாதை பூமிக்கடியில் போகிறது. தூண்களுக்கான கம்பிக் கூடு, வார்ப்பு அச்சுகள், சுரங்கத்துக்குள் இறக்க வேண்டிய தளவாடங்கள் என்று இத்தகைய திட்டங்களில் கிரேனுக்கு ஓய்வே கிடையாது. தடத்தின் மறுகோடியில் உள்ள பீன்யா தொழிற்பேட்டையிலும் ஒரு லேத்தை இடம் மாற்ற வேண்டும் என்றால் முதலில் தேடுவது கிரேன்காரரைத்தான்.

தேடியதும் கேட்கும் கேள்வி: "எத்தனை டன் வண்டி?" சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கிரேனின் உடம்பில் எழுதியிருக்கும் டன் எண் அதன் உச்ச பலம் மட்டுமே. பூமை முழுக்கச் சுருக்கி, கொக்கியை வண்டிக்கு மிக அருகே வைத்திருந்தால்தான் அந்த எண் செல்லுபடியாகும். லீப்ஹெர் நிறுவனம் 2007-ல் அறிமுகப்படுத்திய ஒன்பது அச்சு கொண்ட பிரம்மாண்ட டெலஸ்கோப்பிக் கிரேனின் திறன் 1,200 டன். பூம் 100 மீட்டர் வரை நீளும். ஆனால் அந்த 1,200 டன் இரண்டரை மீட்டர் தூரத்தில்தான். நம் ஊர்களில் பரவலாக ஓடும் 50 டன் கிரேன் வகையில், கொக்கி 30 மீட்டர் தள்ளிப் போனால் இரண்டு டன்னைத் தொடுவதே பெரிது.

சீசா பலகையில் விளையாடிய எந்தக் குழந்தைக்கும் இந்தக் கணக்கு தெரியும். எடை மட்டுமல்ல, எவ்வளவு தள்ளி உட்கார்கிறோம் என்பதும் முக்கியம். மூன்று டன் ஜெனரேட்டர் ஒன்றை மல்லேஸ்வரத்து வீட்டின் பின்புற மாடியில் வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14 டன் கிரேன் தாராளம் என்று தோன்றும். ஆனால் காம்பவுண்டு சுவர், முன்வாசல் மரம், வீட்டின் நீளம் எல்லாவற்றையும் தாண்டிக் கொக்கி போக வேண்டிய தூரம் 18 மீட்டர். மூன்றைப் பதினெட்டால் பெருக்கினால் 54. அதே 14 டன் கிரேன் தன் முழு எடையை இரண்டு மீட்டரில் தூக்கும்போது பெருக்கினால் கிடைப்பது 28 மட்டுமே. தோராயக் கணக்குதான், நீட்டிய பூமின் சொந்த எடையையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். தெரு குறுகக் குறுக கிரேன் பெரிதாக வேண்டும். நடப்பதோ நேர்மாறு: தெரு சின்னது, வாடகையும் மிச்சம் என்று சின்ன கிரேன் வருகிறது.

அடுத்தது தரை. பெரிய கிரேன்கள் சக்கரத்தில் நின்று தூக்குவதில்லை. பக்கவாட்டில் நீளும் ஜாக்கிக் கால்களில் நிற்கின்றன. மொத்த பாரமும் சில சமயம் ஒரே காலில் இறங்கும். அடியில் மூடிய பழைய சாக்கடையோ, குழாய்க்காகத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளமோ இருந்தால் கால் உள்ளே போகும். கால் போனால் கிரேன் போகும். எந்தத் தெருவையும் எந்த நாளும் தோண்டும் நம் நகரங்களில் இது கற்பனை அல்ல.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் ரத்தத்தில் எழுதப்பட்டது. 2023 ஜனவரி 22 இரவு, ராணிப்பேட்டை மாவட்டம் அரக்கோணத்துக்கு அருகே கீழ்வீதி கிராமத்தில் கோயில் மயிலேறு விழா. சுவாமிக்கு மாலை சாத்துவதற்காக கிரேனில் ஆட்கள் ஏறியிருந்தனர். மேடுபள்ளமான தரையில் நகர்ந்த கிரேன் கூட்டத்தின் நடுவே சாய்ந்தது. நான்கு உயிர்கள் போயின. சரக்கைத் தூக்கும் கொக்கியில் மனிதர்களைத் தொங்கவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தலைவர்களுக்கு ஆளுயர மாலை போட கிரேன் பிடிக்கும் ஊரில் அரிச்சுவடியை யார் படிப்பது?

காற்றும் எதிரிதான். 2015 செப்டம்பர் 11 அன்று மெக்காவில் புயல் காற்றில் சாய்ந்த கிரேன் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அது டெலஸ்கோப்பிக் வகை அல்ல. ஆனால் வேலையில்லாதபோது பூமைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்ற பாடம் எல்லா வகைக்கும் ஒன்றே.

ஹைட்ரா என்று ஊருக்கு ஊர் அழைக்கப்படும் சின்ன கிரேன்களின் கதை தனி. இவை சரக்கைத் தொங்கவிட்டபடியே நகரும். ஜாக்கி ஊன்றும் வேலை இல்லை, சட்டென்று வேலை முடியும். அதனால்தான் இத்தனை பிரபலம். ஆனால் பழைய ஹைட்ராக்களில் ஓட்டுநர் பின்னால் அமர்ந்திருப்பார். பூமும் தொங்கும் சரக்கும் பார்வையை மறைக்கும். சரக்கை ஆடாமல் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கும் தொழிலாளி அவர் கண்ணில் படாமலே சக்கரத்தில் சிக்கும் அபாயம் உண்டு. இதனாலேயே பல பெரிய நிறுவனங்கள் தங்கள் பணியிடங்களில் பழைய ஹைட்ராவுக்குத் தடை போட்டன. முன்புறக் கேபின் கொண்ட மாதிரிகளும் வந்துவிட்டன. தடை செய்யப்பட்ட வண்டிகள் மறைந்துவிடவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத தெருக்களுக்கு வந்துவிடுகின்றன.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே, தூக்கும் இயந்திரங்களைத் தகுதியானவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும் என்றது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1998-ல் வந்த மத்திய விதிகள், தூரத்துக்கேற்பத் திறன் மாறும் கிரேன்களில், பாரம் எல்லை மீறினால் எச்சரிக்கும் தானியங்கிக் கருவி இருக்க வேண்டும் என்றன. கருவி இருக்கிறது. அது அலறினால் வேலை நின்றுவிடும் என்பதற்காக அதை அணைத்துவிட்டு வேலை பார்த்தால் விதி என்ன செய்யும்? லாரி ஓட்டும் உரிமம் சாலையில் ஓட்டுவதற்குத்தான் சான்று. சுமை தூக்குவதற்கு அல்ல.

சுமையின் எடை எவ்வளவு, கொக்கி எவ்வளவு தூரம் போக வேண்டும், கால் ஊன்றும் தரை எப்படி, மேலே கம்பி போகிறதா: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, கிரேனோடு வரும் சுமை அட்டவணையில் விரல் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். வீடு கட்டுபவரும் பட்டறைக்காரரும் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். காட்ட மறுக்கும் வண்டியைத் திருப்பி அனுப்பலாம்.

இப்போது அந்த முடிவு பெரும்பாலும் கிரேன் ஓட்டுநரின் தலையில் விழுகிறது. கூடாது என்று அவர் சொன்னால் அன்றைய வாடகை போகும். அடுத்த முறை வேறு வண்டி வரும். சரி என்று சொல்லி வண்டி சாய்ந்தால், வழக்கு அவர் மீதுதான் முதலில் பாயும். முடியாது என்று சொல்லும் ஓட்டுநருக்கும் அன்றைய வாடகையைக் கொடுப்பவரே, உண்மையில் மலிவான கிரேனைப் பிடித்தவர்.