இசைத்தட்டுக்கு என்ன வயது?

பழைய கிராமபோன் இசைத்தட்டு கையில் கிடைத்தால், அது எந்த ஆண்டில் செய்தது என்று பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் ஆண்டு அச்சிட்டிருக்காது. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், ஓர் எண், கம்பெனியின் சின்னம், அவ்வளவுதான். ஆனாலும் நடுவிலுள்ள அந்த வட்டமான லேபிளை வைத்தே தட்டின் வயதைக் கணித்துவிடலாம்.

லேபிளை எப்படி நம்புவது, யாராவது பிறகு ஒட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அந்தக் காலத்துத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்குப் பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் பிசினோடு கல்பொடியும் கரியும் கலந்து செய்தது. இந்த அரக்கு பெருமளவில் இந்தியாவிலிருந்தே கப்பலேறியது. கலவையைச் சூடாக்கினால் சப்பாத்தி மாவு மாதிரி இளகும். அச்சுத் தகட்டின் நடுவில் லேபிளைக் கவிழ்த்து வைத்து, மேலே இளகிய கலவையை வைத்து, இயந்திரத்தால் ஓங்கி அழுத்துவார்கள். பாட்டு வரிகள் பதியும்போதே லேபிளும் பதிந்துவிடும். பசையே கிடையாது. விரலால் தடவினால் தாளின் விளிம்பு தட்டுப்படாது. ஆகவே லேபிளும் தட்டும் ஒரே நொடியில் பிறந்தவை.

கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1890களில் விற்ற தட்டுகளில் தாளே இல்லை. எழுத்துகளைத் தட்டின் மேலேயே பொறித்தார்கள். 1900 வாக்கில்தான் தாள் லேபிள் வந்தது. 1901இல் அமெரிக்காவின் கேம்டன் நகரில் விக்டர் கம்பெனி தொடங்கியது. குழாய்முன் காது கொடுத்துக் கேட்கும் நாயைப் பார்த்திருப்பீர்களே, அது 1902இல் விக்டர் லேபிளில் ஏறியது.

எனக்கு மிகவும் பிடித்த துப்பு இனிமேல்தான். 1904இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் விக்டர் பெரும் பரிசு வாங்கியது. அந்தப் பெருமையை லேபிளிலும் அச்சிட்டார்கள். பரிசு வாங்குமுன் அதை அச்சிட முடியுமா? அந்தச் சொற்களைக் கண்டால், தட்டு 1904க்கு முந்தியதல்ல என்று அடித்துச் சொல்லலாம். 1914இல் வௌவால் சிறகு விரித்த மாதிரி வளைவுகள் கொண்ட லேபிள் வந்தது. 1926இல் அதுவும் போய், சுருள் வேலைப்பாடு வந்தது.

ஓர் எச்சரிக்கை. கரூசோ என்ற இத்தாலியப் பாடகர் 1907இல் பாடிய பாட்டைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சடித்தார்கள். அதனால் அதே பாட்டு வௌவால் லேபிளோடும் கிடைக்கும். லேபிள் சொல்வது தட்டு அச்சான காலத்தை. பாடிய காலத்தை அல்ல.

பாடிய காலத்துக்கு, லேபிளைச் சுற்றி வரிகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சின்ன நீள்வட்டத்துக்குள் வி, இ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரிந்தால், அந்தப் பாட்டு மைக் வைத்து மின்சாரத்தால் பதிவானது. விக்டர் அப்படிப் பதியத் தொடங்கியது 1925இல். இப்போது இரண்டையும் சேருங்கள்: வௌவால் லேபிள், கூடவே அந்த எழுத்துகள். தட்டு 1925க்கு முன்னும் இருக்க முடியாது, 1926ஐத் தாண்டியும் போகாது!