போல்ட் தலையில் இருக்கும் எண்ணைப் பார்த்தீர்களா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. அதையும் தாண்டி, மாரமங்கலம் போன்ற மலைக் கிராமங்களில் அவசரத்துக்குக் கைகொடுப்பது பைக்தான். பழைய இன்ஜினை வீட்டிலேயே பிரித்து மாட்டுபவர்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று இன்னும் வலுவான போல்ட்டாகப் போடுவது உண்டு. அங்கேதான் கவனம் தேவை.

போல்ட் தலையில் 8.8, 10.9 என்று எண்கள் இருக்கும். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவிசையைத் தாங்கும். அதில் 80 சதவிகிதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். 10.9 என்றால் 100 கிலோ, 90 சதவிகிதம்.

போல்ட் எஃகு, அது இறங்கும் இன்ஜின் பாகமோ பெரும்பாலும் அலுமினியம். வலுவான போல்ட்தானே என்று கூடுதலாக முறுக்கினால், அலுமினிய மரைதான் பிய்ந்து வரும். மரையில் எண்ணெய் இருந்தால், அதே முறுக்குக்கே இறுக்கம் கூடிவிடும். மரை போன இடத்தில் ஆயில் கசிந்து பின் டயரில் பட்டால், வளைவில் வண்டி வழுக்கும்.

அதனால், சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிரேடு போல்ட்டையே வாங்குங்கள். அதில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து, ஹெட் போல்ட்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கை பலத்தை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள்!