வானம் நீலம், கப்பல் ரத்து

ஆகஸ்ட் மாதம், கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவுத் துறைமுகத்தில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கையில் பிரேயஸுக்கு டிக்கெட். பிரேயஸ் ஏதென்ஸை ஒட்டிய பெரிய துறைமுகம். வழக்கமான பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கவுண்டரில் இருப்பவரோ, "இன்றைக்குக் கப்பல் கிடையாது" என்கிறார்.

நமக்கு முதலில் கப்பல் கம்பெனி மேல்தான் சந்தேகம் வரும். ஆள் சேரவில்லை போலிருக்கிறது, வானிலை என்று சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைப்போம். அநேகமாக எல்லோருமே தவறுவது இங்கேதான். மோசமான கடல் என்றால் கருமேகமும் மழையும் வந்தாக வேண்டும் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் நாக்சோஸைச் சுற்றியுள்ள ஏஜியன் கடலில் கோடைக்காலத்தின் முரட்டுக் காற்று பளிச்சென்ற வெயிலில்தான் வீசும். மெல்டெமி என்று அதற்குப் பெயர். வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று. அதில் மேகம் கட்ட ஈரம் போதாது. வானம் அவ்வளவு சுத்தமாக இருப்பதற்குப் பாதிக் காரணமே அந்தக் காற்றுதான்.

அது எப்படிக் கிளம்புகிறது? கோடையில் பால்கன் நாடுகளின் மேல் காற்றழுத்தம் கூடியிருக்கும். கிழக்கே துருக்கி நிலம் வெயிலில் காய்ந்து, அங்கே அழுத்தம் குறைந்திருக்கும். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று நகரும். பூமி சுழல்வதால் அதன் பாதை வளைந்து, ஏஜியன் மேல் வடக்கிலிருந்து தெற்காக வீசும். துருக்கியின் அந்தக் குறைந்த அழுத்தம் தனியாக உருவானதல்ல. நம் தென்மேற்குப் பருவமழையை இழுத்துவரும் பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதியின் தாழ்வழுத்தம் ஈரான் வழியாக மேற்கே நீண்டு அங்கே முடிகிறது. இந்தக் காற்றைப் பற்றி அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். அன்றைய பெயர் எட்டேசியன்.

நாக்சோஸுக்கும் பக்கத்துத் தீவான பாரோஸுக்கும் நடுவே உள்ள கடல் குறுகலானது. இரண்டு மாடிக் கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்தில் நுழைகிற காற்று போல, அங்கே மெல்டெமி இன்னும் வேகமெடுக்கும். ஒருமுறை பிடித்தால் சில நாள் விடாமல் அடிப்பதும் உண்டு.

கப்பலை நிறுத்தும் முடிவு கம்பெனியுடையது அல்ல. வானிலை அறிக்கையைப் பார்த்துக் கடலோரக் காவல்படையின் துறைமுக அதிகாரிகள் தடை போடுகிறார்கள். காற்றை அளக்கப் போஃபோர்ட் என்ற அளவுகோல், 0 முதல் 12 வரை. பொதுவாக 8 வந்தால், அதாவது மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் என்றால், தடை எதிர்பார்க்கலாம். வேகப் படகுகளும் சிறிய கப்பல்களும் அதற்கு முன்பே நின்றுவிடும்.

கடலைக் கடப்பதைவிடக் கரை சேர்வதுதான் சில சமயம் பெரும்பாடு. தீவுகளில் கப்பல் பக்கவாட்டில் வந்து ஒட்டி நிற்காது. துறைமுகத்துக்குள் திரும்பி, நங்கூரம் போட்டு, பின்புறமாக மெல்ல வந்து, இரும்புச் சாய்தளத்தைக் கரையில் இறக்கும். கயிறு வீசிக் கட்டியதும் லாரி, மோட்டார் சைக்கிள், பெட்டியை இழுத்துவரும் நாம், எல்லோரும் அந்த ஒரே சாய்தளத்தில் சில நிமிடங்களுக்குள் ஏறி இறங்க வேண்டும். பல மாடி உயரமுள்ள கப்பலின் பக்கச் சுவரில் காற்று மோதித் தள்ளும்போது இதைச் செய்து பாருங்கள்! கரையில் நின்று திட்டுகிற நமக்கு அது தெரிவதில்லை. எனக்கு அந்தத் தடை நியாயமாகவே படுகிறது.

ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு கப்பலில் இடம் கேட்கலாம். தவறவிட்ட விமானத்துக்குக் கப்பல்காரர்கள் பொறுப்பேற்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் வேகப் படகைவிடப் பெரிய கப்பலில் டிக்கெட் எடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். பிரேயஸிலிருந்து விமான நிலையத்துக்கு 2022 முதல் நேரடி மெட்ரோ இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.