பரணி பாடப்படாத வெற்றி

சிலுவைப்போர் பற்றிய படம் என்றதும் நாம் போர்க்காட்சிக்குக் காத்திருக்கிறோம். ரிட்லி ஸ்காட்டின் ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ (2005) படத்தில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அதன் உச்சம் வேறு. 1187இல் ஜெருசலேம் முற்றுகையின் முடிவில் பாலியனும் சலாகுத்தீனும் நேரில் நின்று பேசுகிறார்கள், நகரம் கைமாறுகிறது. படத்தில் மக்கள் சும்மா வெளியேறுகிறார்கள். வரலாற்றில் ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் மீட்புப்பணம். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள்.

படத்தில் பாலியன் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்தில் முஸ்லிம்கள் தொழுவதைப் பார்க்கிறான், நினைவிருக்கிறதா? அந்தத் தீவின் தலைநகர் பலெர்மோ. அரபு, கிரேக்கம், லத்தீன் மூன்றும் புழங்கிய ஊர். அங்கே வளர்ந்தவர் பேரரசர் இரண்டாம் பிரெடரிக். போப் அவரை மதவிலக்கம் செய்திருந்தார்; அப்படியே சிலுவைப்போருக்குப் போனார். 1229இல், எகிப்து சுல்தான் அல்-காமிலுடன் ஒப்பந்தம் செய்து, போரிடாமலே ஜெருசலேமைப் பெற்றார். அல்-அக்ஸா வளாகம் முஸ்லிம்களிடமே இருந்தது. இரு தலைவர்களையும் அவரவர் தரப்பே தூற்றியது. பலெர்மோ பேராலயத்தில் சிவப்புக் கல்பேழையில் இன்றும் இருக்கிறார் பிரெடரிக்.

போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குப் பாடுவது பரணி என்கிறது நம் இலக்கணம். பேசி முடித்தவனுக்குப் பரணி இல்லை. எனவே இந்தப் படத்தில் கவண்பொறிகள் ஓய்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். அந்த இருவரும் பேசுவதைக் கேளுங்கள். படம் அங்கேதான் இருக்கிறது.