டல்மேசியக் கரையிற் பாய்ப்படகுப் பயணம்

நண்பர்கள் சிலர் ஒன்றுகூடிப் பாய்ப்படகொன்றை வாடகைக்கு அமர்த்தி, அயல்நாட்டுக் கரையோரமாக ஒரு வாரம் சென்று வருதல் ஐரோப்பியரிடையே இன்று பெரிதும் பரவியுள்ள பொழுதுபோக்காகும். இதற்காக அவர்கள் விரும்பிச் செல்லும் கடல்களுள் அத்திரியாற்றிக் கடல் ஒன்று. இத்தாலிக்கும் பால்கன் நாடுகளுக்கும் இடையே நீண்டு கிடக்கும் அக்கடலின் கீழ்க்கரையிற் பெரும்பகுதி குரோசியா நாட்டுக்கு உரியது. தீவு, திட்டு, பாறை என்று எண்ணத்தக்கவை அங்கே ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அக்கரையின் தென்பகுதியாகிய டல்மேசியாவிற் பாய் விரிப்போர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

இக்கரை புதியவர்களை அழைக்கும் இயல்பினது. ஒரு தீவை விட்டுப் புறப்படும்போதே அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். வற்றுப்பெருக்கால் நீர்மட்டம் மாறுவது ஏறத்தாழ ஓரடியளவே. ஸ்பிளிற் நகரிலே உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் கட்டுவித்த மாளிகையின் மதில்களுக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். ஹ்வார் தீவிலே, கி.மு. 384இற் குடியேறிய கிரேக்கர் பங்கிட்ட வயல்களின் எல்லைகளை இன்றுங் காணலாம். காலையிற் புறப்பட்டு மாலையில் இத்தகைய ஓரிடத்தில் நங்கூரமிடுவது இனிய அனுபவமே. ஆயினும், அன்று எங்கே செல்வது என்பதை முடிவு செய்வது மனிதரின் விருப்பமன்று; காற்றே.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நம் கரையோர மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு அறிந்திருப்பது போலவே டல்மேசியரும் அறிந்திருக்கின்றனர். அவற்றுள் மூன்று முக்கியமானவை. முதலாவது மயெஸ்த்ரால். கோடையில் நிலம் வெயிலாற் சூடேற, கடலின் குளிர்ந்த காற்று வடமேற்கிலிருந்து கரையை நாடி வீசும். முற்பகலில் எழுந்து, பிற்பகலில் வலுப்பெற்று, கதிரவன் மறையும்போது அடங்கிவிடும். பாய்ப்படகோட்டிகளின் நண்பன் இதுவே.

இரண்டாவது யூகோ. இது தென்கிழக்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று. முகிலையும் மழையையும் நீண்ட பேரலைகளையும் கொண்டுவரும். எனினும் மெல்ல மெல்ல வலுப்பதால், ஆயத்தஞ் செய்ய அவகாசம் தரும். மூன்றாவது பூரா. கரைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மலைகளுக்கு அப்பாற் தேங்கிய குளிர்காற்று, மலைமுடியைத் தாண்டிச் சரிவு வழியே கடலின்மேல் விழுவதே பூரா. மாரியில் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீச்சுகளும் பதிவாகியுள்ளன. கோடையில் அத்துணைக் கடுமை இராது. ஆயினும் தெளிந்த வானத்தின் கீழேயே திடீரெனத் தொடங்கக்கூடியது. மலைமுடியிற் பஞ்சுப்பொதி போல முகில் படிந்திருப்பின், அதனை எச்சரிக்கையாகக் கொள்வர்.

ஆதலின் துறையைத் தெரிவதும் காற்றைப் பொறுத்ததே. யூகோசிலாவியப் படைத்தளமாக இருந்தமையால் 1989 வரை அயல்நாட்டவருக்கு மூடப்பட்டிருந்த விஸ் தீவு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அத்தீவின் பெயரையே கொண்ட ஊரின் குடா வடகிழக்கை நோக்கித் திறந்தது. கொமிஜா என்னும் ஊரின் குடா மேற்கை நோக்கித் திறந்தது. நேற்று அமைதியாக உறங்கிய துறையிலேயே, காற்று மாறின், இன்று அலை நேரே புகும். நங்கூரமிடும்போது ஆழத்தின் நான்கு அல்லது ஐந்து மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுவதும், கடற்புல் மண்டிய இடத்தைத் தவிர்த்து மணற்பாங்கான இடத்தைத் தேடுவதும் நல்வழக்கம்.

இனி, நண்பர்களைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். வீட்டில் நால்வர் கூடினால் நால்வரும் கருத்துரைக்கலாம். படகிலோ, நம் வடகரையார் தண்டையல் என்றழைத்த தலைவன் ஒருவனே முடிவு செய்தல் வேண்டும். குரோசியாவிற் படகை வாடகைக்குப் பெறுவோருள் ஒருவரிடம் படகோட்டும் சான்றிதழும், வானொலிக் கருவியைக் கையாளும் சான்றிதழும் இருத்தல் அவசியம். றியேக்கா, ஸ்பிளிற், டுப்ரோவ்னிக் ஆகிய கரையோர வானொலி நிலையங்கள் கடலோடிகளுக்கு ஆங்கிலத்திலும் வானிலை அறிவிக்கின்றன. அதைக் கேட்டறிவது தண்டையலின் கடமை. தன்னுடன் வந்தோருள் மிக வலுக்குறைந்தவர் எத்துணைத் தாங்குவார் என்பதை அளந்தே அவர் அன்றைய பயணத்தை வகுத்தல் வேண்டும். தம் திறமையை அளந்தன்று.

இப்பயணங்களில் உண்மையான இடர் பெரும்பாலும் வாரத்தின் முடிவிலே தோன்றுகின்றது. வாடகை வழக்கமாகச் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். படகோ வெள்ளி மாலையே தன் துறைக்குத் திரும்புதல் வேண்டும். வெள்ளி காலை நண்பர்கள் விஸ் தீவில் இருப்பதாகக் கொள்வோம். ஸ்பிளிற் ஏறத்தாழ 30 கடல்மைல் தூரம். மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் ஆறு மணி நேரத்திற் சென்றுவிடலாம் என்பது கணக்கு. ஆனால் எப்பாய்ப்படகும் காற்றுக்கு நேரெதிரே செல்லாது; ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறியே முன்னேறும். பூரா வீசினால் 30 கடல்மைல் 40 ஆகும்; ஆறு மணி எட்டாகும்; எதிரலை மோதின் அதற்கும் மேலாகும். எந்திரம் உண்டே என்பீர்கள். எதிர்க்காற்றும் அலையும் சேர்ந்தால் அதன் உதவியும் குறைந்துவிடும். அவ்வேளையில், விமானத்துக்கு நேரமாகின்றது என்று ஒருவரும், நாளைக்கும் பணம் கட்ட நேருமே என்று மற்றொருவரும் வற்புறுத்தினால், தண்டையல் எவ்வளவு உறுதியுடையவராயினும் தளரக்கூடும்.

அனுபவமுள்ளோர் இந்நிலை நேராதபடி முதல் நாளே வழி செய்கின்றனர். மிகத் தொலைவான தீவை வாரத்தின் நடுப்பகுதிக்குள் பார்த்துவிட்டு, வியாழன் மாலைக்குள் புறப்பட்ட துறைக்கு அருகே வந்துவிடுகின்றனர். அத்துடன், "புறப்பட வேண்டாம்" என்று தண்டையல் சொல்லும் நாளில் எவரும் மறுத்துரைப்பதில்லை என்று புறப்படுமுன்பே பேசிக் கொள்கின்றனர். ஒரு தீவைக் காணாது திரும்புவது சிறு குறை. அடுத்த கோடையில் அதைச் சென்று காணலாம். அதற்கு, சென்றவர் அனைவரும் நலமாகவும் நண்பராகவும் கரையேறியிருத்தல் வேண்டும்.