கண்ணுக்குத் தெரியாத கல்தூசி

சைனாடவுன் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நாம் வணங்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை 1827ஆம் ஆண்டில் நிறுவிய நாராயண பிள்ளை அவர்கள், இத்தீவில் முதன்முதலாகச் செங்கற்சூளை அமைத்தவர் என்பது தங்களில் பலரும் அறிந்ததே. செங்கல்லும் கருங்கல்லும் சிமெண்டும் இன்றி நகரமும் இல்லை, கோயிலும் இல்லை. கட்டுமானத் தளங்களில் பல ஆண்டுகள் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன் என்ற முறையில், அவற்றிலிருந்து கிளம்பும் தூசியைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறேன்.

மணல், கருங்கல், செங்கல், கான்கிரீட் அனைத்திலும் சிலிக்கா என்னும் கனிமம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலோடும் சளியோடும் வெளியேறிவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகளே ஆபத்தானது. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகிறது. அங்குள்ள காவல் அணுக்கள் அதனை விழுங்குகின்றன; ஆனால் கல்லைச் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. துகள் மறுபடியும் வெளிப்பட, வேறு அணுக்கள் வந்து விழுங்கி மடிகின்றன. இப்படியே புண்ணாகி, தழும்பேறி, பஞ்சுபோல் விரிய வேண்டிய நுரையீரல் இறுகிவிடுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. வேலையை விட்ட பின்னரும் நோய் வளரக்கூடும்.

சிங்கப்பூருக்கு இது புதிய நோயன்று. புலாவ் ஊபின் தீவின் கருங்கல் 1851இல் கட்டி முடிக்கப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குச் சென்றது; பின்னர் ஜொகூர் பாலத்துக்கும் சென்றது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் அங்கே கல் உடைத்தனர். பிற்காலத்தில் கல்குவாரித் தொழிலாளர்களிடையே சிலிக்கோசிஸ் நம் மருத்துவர்களால் நன்கு அறியப்பட்ட நோயாயிற்று. ஊபினில் கல் எடுப்பது 1999இல் நின்றது. குவாரி மூடினாலும் தூசி மூடவில்லை. சுரங்க ரயில் பாதைகளுக்கும், கான்கிரீட் சுவர்களுக்கும், சமையலறை மேடைகளுக்கும் இடம் மாறிற்று. மேடைகளுக்கு இடும் செயற்கைக் கல்லில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் சிலிக்கா இருப்பதுண்டு. சலவைக்கல்லிலோ மிகச் சொற்பமே. பார்வைக்கு இரண்டு தூசியும் ஒன்றுபோலவே வெள்ளை! ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அச்செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது.

என்னை வருத்துவது வேறொன்று. இந்நோய் பெரும்பாலும் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் நம் தம்பிமார் வேலை முடிந்து புதுக்கோட்டைக்கோ தஞ்சைக்கோ திரும்பியிருப்பர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. எக்ஸ்ரேயைப் பார்த்து காசநோய் என்றே மருந்து கொடுப்பதுமுண்டு. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் இரண்டும் சேர்ந்திருக்கவும் கூடும். எனவே மருத்துவரிடம் செல்பவர், எந்த ஊரில், எத்தனை ஆண்டு, என்ன கல்லை அறுத்தார் என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். இங்கே சிலிக்கோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய், இழப்பீட்டுக்கும் உரியது.

தடுக்கும் வழி எளியது: தண்ணீர். அறுக்கும் இடத்தில் நீர் விழுந்தால் தூசி சேறாகிக் கீழே தங்கும். நீர் விட இயலாத இடத்தில் கருவியோடு இணைந்த உறிஞ்சும் குழாய் வேண்டும். முகக்கவசம் இவற்றுக்கு அடுத்தபடிதான். அதுவும் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வகையாக இருத்தல் வேண்டும். வாயில் கட்டும் துண்டு இத்துகளைத் தடுக்காது. துடைப்பத்தால் உலரப் பெருக்குவதும் கூடாது.

நம் ஆலயத்தில் 2023 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தேறியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை இத்தீவின் கோயில்கள் பலவற்றிலும் சாரம் கட்டி, பழைய வண்ணம் சுரண்டி, சுதைச் சிற்பங்களைச் செப்பனிடுகிறோம். திருப்பணிக்கு நன்கொடை வழங்கும் அன்பர்கள் மதிப்பீட்டுப் பட்டியலைப் பார்க்கையில், வண்ணத்துக்கும் சிமெண்டுக்கும் கீழே நீர்க்குழாய்க்கும் முகக்கவசத்துக்கும் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.